நாலு இஞ்ச் சுவர்

நடுவிரல் முட்டியால் மூன்று தட்டு. ஒரு சுவரைத் தெரிந்துகொள்ள அபுதாஹிருக்கு அது போதும். பதினாறு வருஷமாகக் கோயமுத்தூரின் ஹால்களில் டி.வி. மாட்டிக்கொண்டிருக்கிறான். செங்கல் சுவர் ‘தப்’ என்று பேச்சை முடித்துக்கொள்ளும். பூச்சு விட்டுப்போன சுவர் ‘தொப்’ என்று இழுக்கும். இந்தச் சுவர் இரண்டையும் செய்யவில்லை. தட்டி முடித்த பிறகும் உள்ளே எங்கோ ஒரு வினாடி அதிர்ந்துவிட்டு அடங்கியது.

“இந்தச் செவுரு வேண்டாங்க தம்பி,” என்று மூன்றாவது முறையாகச் சொன்னாள் கலாமணி.

வடவள்ளி தாண்டி, மருதமலை ரோட்டிலிருந்து உள்வாங்கிய தனி வீடு. காலை பத்தே முக்கால். கலாமணிக்கு ஐம்பத்திரண்டு வயதிருக்கும். பொட்டில்லாத நெற்றி. வெளிர்நீலப் புடவையைத் தரை கூட்டும் அளவுக்கு இறக்கிக் கட்டியிருந்தாள். டி.வி. வருகிற விஷயமே இன்று காலையில்தான் தெரியும் என்றாள். வாங்கியது மகள் மிருதுளா. ஆர்டரோடு ஹாலின் போட்டோவையும் அனுப்பி, எந்தச் சுவர், எந்த இடம் என்று சிவப்பில் ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தாள். குறி விழுந்த இடத்தில் ஓர் ஆள் மாலையோடு சிரித்துக்கொண்டிருந்தார்.

திரு. வெள்ளியங்கிரி, மதகு ஆபரேட்டர், பொன்வயல் அணை. மறைவு, ஐந்து வருஷத்துக்கு முந்தைய ஒரு ஐப்பசித் தேதி. கீழே குட்டியாக ஒரு சிவப்பு பல்பு.

ஜன்னல் பக்கத்துச் சுவரில் மாட்டிவிடச் சொன்னாள் கலாமணி. அங்கே வெயில் அடிக்கும், படம் வெளுக்கும் என்றான் அவன். அதுவும் போக, குறி போட்ட இடத்தை மாற்ற வேண்டுமென்றால் ஆர்டர் கொடுத்தவரே சொல்ல வேண்டும். போனை ஸ்பீக்கரில் போட்டான்.

மிருதுளா ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். பின்னணியில் யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது.

“குறி போட்ட எடத்துலயே மாட்டுங்கண்ணா. பன்னெண்டுக்குள்ள நான் வந்தர்றேன்.”

“கண்ணு, அங்க அப்பா போட்டோ இருக்குதல்ல,” என்று கலாமணி ஆரம்பித்தாள். அதற்குள் இணைப்பு அறுந்திருந்தது.

கன்னத்தில் அறை வாங்கியவளைப் போல அவள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஸ்டூல் போட்டு ஏறி, படத்தைத் தானே இறக்கி, சோபாவில் சாய்த்து வைத்தாள்.

அபுதாஹிர் அட்டைப்பெட்டியைக் கிழித்தான். அறுபத்தைந்து இஞ்ச் பேனல், அப்பளம் போல மெலிசு. கீழ் விளிம்பில் ஒரு பச்சைப் புள்ளி எரிந்தது. கம்பெனியின் கைக்கருவியை எடுத்ததும் அது பேனலுக்குள் ஒரு அப்டேட்டைத் தள்ளியது. பதினான்கு திருத்தங்கள். ‘படித்து ஒப்புக்கொள்கிறேன்’ என்பதில் எல்லோரையும் போலவே படிக்காமல் விரலை வைத்தான்.

“அதென்ன தம்பி, இன்னும் மாட்டவே இல்ல, அதுக்குள்ள எரியுது?”

“முழிச்சிருச்சுங்க்கா. இது ஆளைப் பாத்துப் படம் காட்டற மாடல். ஒவ்வொருத்தர் இதயமும் ஒவ்வொரு மாதிரி அடிக்கும். தூரத்துல வர்ற ஆளை நடைய வெச்சே கண்டுபிடிச்சர்றோமல்ல, அந்த மாதிரி. இதுல இருந்து ஒரு அலை போயி நெஞ்சுல பட்டுத் திரும்பி வரும். கொழந்த உக்காந்திருந்தா கொழந்தைக்கானது மட்டும் காட்டும். யாருக்காச்சும் துடிப்பு தடுமாறுச்சுன்னா அதுவே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுரும்.”

“பேரு எப்படித் தெரியும் அதுக்கு?”

“குடிமக்கள் பதிவேட்டுல எல்லாத்தோட துடிப்பும் இருக்குதுல்லங்க. கவர்மென்ட் ஆபீஸ்ல வருகைப் பதிவே அதுலதான் பண்றாங்க, பத்து வருஷமா.”

கலாமணி சோபாவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். இந்தப் பேர்ப் பட்டியல் எங்கே போகும், எப்போது போகும் என்று கேட்டாள். பெட்டியைத் திறந்து நாற்பது நிமிஷத்தில் முதல் பட்டியல் பதிவேட்டுக்குப் போய்த் திரும்பும் என்றான் அபுதாஹிர். பத்து ஐம்பதுக்குத் திறந்தது, ஆகப் பதினொன்றரைக்கு. உள்ளேயே பேட்டரி இருக்கிறது. பிளக்கைச் சொருகாவிட்டாலும் போகும். நிறுத்த முடியாதா என்றாள். கம்பெனிக்காரனாலேயே முடியாது என்று சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை.

“வீட்ல எத்தனை பேருங்க்கா?”

“நானும் பொண்ணும். வேற யாரு இருக்கா?”

கைக்கருவியைச் சுவருக்கு நேராகப் பிடித்தான். அது பேர் சொல்லாது, எண்ணிக்கை மட்டும் சொல்லும். எழுபத்தாறு, அது அவன். நூற்றுப் பதினெட்டு, அது கலாமணி. இந்த வேகத்துக்கு அவள் மாடிப்படி ஏறி வந்திருக்க வேண்டும். ஆனால் பத்து நிமிஷமாக நின்ற இடத்திலேயே நிற்கிறாள். மூன்றாவதாக ஒரு கோடு. நாற்பத்திரண்டு.

மெதுவாக, நொண்டி நொண்டி. இரண்டு துடிப்பு, ஒரு நீண்ட இடைவெளி, மறுபடி ஒரு துடிப்பு.

“பின்னால யாருங்க்கா?”

“பூனை,” என்றாள் உடனே. “பூனை வந்து படுத்துக்கும்.”

“பூனைக்கு நூத்தி அறுபதைத் தாண்டுமுங்க்கா. நாப்பத்திரண்டுன்னா யானைதான் படுத்திருக்கோணும்.”

அபுதாஹிர் அதற்குமேல் கேட்கவில்லை. அடுத்தவன் வீட்டுச் சுவரில் ஓட்டை போடுகிறவன் அடுத்தவன் வீட்டு விஷயத்தில் ஓட்டை போடக் கூடாது என்பது அவன் தொழிலில் வைத்திருக்கும் ஒரே கட்டுப்பாடு. ரசமட்டத்தை வைத்துக் கோடு போட்டான். பிராக்கெட்டைப் பிடித்து நான்கு புள்ளிகளைக் குறித்தான். பேனல் அதிர்ந்தால் கணக்குத் தப்பும் என்பதால் இந்த மாடலுக்கு நாலு இஞ்ச் ஆழத்துக்கு ஸ்குரு இறங்க வேண்டும். ஒன்பது இஞ்ச் சுவரில் அது ஒரு பிரச்சினையே இல்லை.

டிரில்லர் அலறியது. சிவப்புத் தூள் கொட்டியது. நாலாவது இஞ்ச்சில் கை திடீரென்று முன்னால் பாய்ந்தது. எதிர்ப்பே இல்லை. பிட் அந்தப் பக்கம் போய்விட்டது.

நிறுத்தினான்.

அந்த அமைதியில், புதிதாகப் போட்ட ஓட்டை வழியாக ஒரு மனிதர் இருமினார்.

அபுதாஹிர் ஸ்டூலிலிருந்து இறங்கிய வேகத்தில் டிரில்லர் கைநழுவித் தரையில் விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தான். கலாமணி புடவையைக் கையில் அள்ளிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து அவனுக்கும் சுவருக்கும் நடுவே நின்றாள். அவன் கண்ணுக்கு நேராக அவள் பாதங்கள். தரை கூட்டிய புடவை இத்தனை நேரம் மறைத்து வைத்திருந்த இரண்டு விரல்களிலும் வெள்ளி மெட்டி.

அவன் மெட்டியைப் பார்த்தான். சோபாவில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்த படத்தைப் பார்த்தான். பிறகு சுவரை.

“அக்கா. உள்ள இருக்கறது அவருங்களா?”

அவள் புடவையைக் கீழே விட்டாள். இனி அது எதையும் மறைக்காது என்று தெரிந்தும் விட்டாள்.

மணி பதினொன்று பத்து. கலாமணிக்குச் சொல்ல ஐந்து நிமிஷம் பிடித்தது.

பொன்வயல் அணை வெள்ளத்தில் குவார்ட்டர்ஸ் வரிசை முழுக்கப் போனது. பதினோரு பேர் என்றார்கள். உடல் கிடைக்காவிட்டாலும் ஏழு வருஷம் காத்திருக்க வேண்டாம், உடனே இறப்புச் சான்றிதழ் என்று அரசாங்கம் அறிவித்தது. மூன்றாம் நாள் சேறும் கிழிசலுமாக வெள்ளியங்கிரி கொல்லைக் கதவைத் தட்டினார். அதற்குள் பேப்பரில் பேர் வந்திருந்தது. ஓர் அதிகாரி வீடு தேடி வந்து, பெண்ணுக்குக் கருணை அடிப்படையில் வேலை, ஒரே மாதத்தில் ஆணை என்று கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். மிருதுளா அரசு வேலைத் தேர்வு எழுதி மூன்று தடவை கோட்டை விட்டிருந்தாள். கடைசித் தடவை ஒன்றரை மார்க்கில்.

“ஒரு மாசம் பாக்கலாம்னுதான் தம்பி நெனச்சோம். ஆணை வந்து பொண்ணு சேந்துட்டா, அப்பறம் ஞாபகம் தப்பிப் போச்சு, எங்கயோ கெடந்தேன்னு வந்து நின்னுக்கலாம்னாரு. வேலை குடுத்துட்டுத் திருப்பி வாங்கவா போறாங்கன்னு. வாங்குவாங்கன்னு அப்பறந்தான் தெரிஞ்சுது.”

ஒரு மாதம் ஐந்து வருஷமானது. மதகைத் திறந்து மூடிய கையால் அவரே ராவோடு ராவாகச் செங்கல் வைத்து, ஹால் பக்கம் திறந்திருந்த ஸ்டோர் ரூமை நாலு இஞ்ச் சுவரால் அடைத்தார். உள்ளறைப் பக்கத்து வழியை பீரோ மறைத்தது. வாசலில் மணி அடித்தால் உள்ளே போய்விடுவார். சொந்தக்காரர்கள் வந்து தங்கினால் மூன்று நாள் கூட உள்ளேயே இருந்திருக்கிறார். ஒரு தடவை அவருடைய வருஷத் திவசத்துக்கு வந்தவர்கள் போக மறுநாள் மதியமானது. தனக்குப் படைத்த வடையை அன்றைக்கு அவர் ஆறிப்போய்த்தான் சாப்பிட்டார்.

“இப்ப எப்படி இருக்காருங்க?”

மூன்று மாதமாகக் கால் வீக்கம் என்றாள். படுத்தால் மூச்சு முட்டுகிறது, உட்கார்ந்தபடியேதான் தூக்கம். இரண்டு தடவை கண் இருட்டி விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் நுழைந்த உடனே துடிப்பைத்தான் பார்க்கிறார்கள், பேர் வந்துவிடும். அதனால் தனக்கென்று சொல்லி மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக் கொடுக்கிறாள்.

“துடிப்பு விட்டுவிட்டு வருதுங்க்கா. எங்கத்தா, அதான் எங்கப்பாவுக்கு இதே மாதிரிதான் வந்துச்சு. நெஞ்சுல சின்னதா ஒரு மிஷின் வெச்சாங்க, இப்ப பைக் ஓட்டறாரு. வெக்காட்டி நின்னுரும்.”

கலாமணி அவன் டூல்ஸ் பையைப் பார்த்தாள். பக்கவாட்டுப் பையில் சுருட்டி வைத்த வெள்ளித்தாள் எட்டிப் பார்த்தது.

“அது எதுக்குன்னு எனக்குத் தெரியும் தம்பி. போன வருஷம் எங்க தங்கச்சி வீட்ல மாட்டறப்ப, பக்கத்து வீட்டு ஆளுங்களையெல்லாம் எண்ணுதுன்னு செவுத்துல இந்தத் தாளைத்தான் ஒட்டுனாங்க. ஒட்டுனா அந்தப் பக்கம் தெரியாது. ஒட்டிருங்க. என் பொண்ணு சோத்துல மண்ணு விழாம இருக்கட்டும்.”

கம்பெனி அனுமதிக்காத தாள் அது. ஆனாலும் இந்த மாடல் மாட்டுகிறவர்கள் எல்லோரிடமும் இருக்கும். ஒரு ஆள் அகலத்துக்கு ஒட்டினால் போதும், சுவருக்கு அந்தப் பக்கம் உலகமே இல்லை என்று பேனல் நினைத்துக்கொள்ளும்.

அபுதாஹிர் தாளைத் தொடவில்லை. குனியமுத்தூரில் ஒரு அடுக்குமாடி ஞாபகம் வந்தது. போன ஆடியில் அங்கே பொதுச்சுவரில் இதே தாளை ஒட்டினான். அந்தப் பக்கம் ஒரு தையல்காரர் தனியாக இருந்தார். அவர் இறந்து நான்கு நாள் கழித்துக் கதவை உடைத்தார்கள். தாள் இல்லாமலிருந்தால் பக்கத்து வீட்டு பேனல் அவருக்கு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கும். இது தெரிந்த ஆள் ஊரில் ஒருவன்தான். அவன் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

“ஒட்டுனா உங்க வீட்டுக்காரர் செத்துருவாருங்க்கா.”

“ஒட்டாட்டி?”

அதுவும் அவனுக்குத் தெரியும். பெண்ணுக்கு வேலை போகும். ஐந்து வருஷச் சம்பளத்தைக் கேட்பார்கள். மூன்று பேர் மீதும் வழக்கு வரும்.

“தம்பி.”

சுவர் பேசியது. பத்து மில்லிமீட்டர் ஓட்டை வழியாகக் கரகரவென்று, ரொம்பப் பக்கத்தில்.

“சத்தம் போட்டுப் பேச முடியலைங்க, கிட்ட வாங்க.”

அபுதாஹிர் காதை ஓட்டையில் வைத்தான். உள்ளிருந்து வியர்வையும் தைல வாசனையும் சேர்ந்த சூடான காற்று வந்தது.

“அவ அழுவா. அதையப் பாக்காதீங்க. தாளை ஒட்டிட்டு உங்க வேலையப் பாருங்க. நான் செத்து அஞ்சு வருஷமாச்சு. பேப்பர்ல போட்டாச்சு, திவசம் குடுத்தாச்சு. இனி ஒருக்கா சாகறதுல யாருக்கு என்னங்க நஷ்டம்?”

“ஐயா, ஆஸ்பத்திரிக்குப் போனாப் பொழச்சுக்குவீங்க.”

“பொழச்சு?” உள்ளே ஒரு மூச்சு தடுமாறிச் சமாளித்தது. “புள்ளைக்கு வேலையக் குடுத்தது என் பொணந்தான் தம்பி. எந்திரிச்சு உக்காந்தன்னா அவ நடுத்தெருவுல நிப்பா.”

மணி பதினொன்று இருபது. சோபாவில் கிடத்தியிருந்த பேனலில் பச்சைப் புள்ளி சாவகாசமாக எரிந்துகொண்டிருந்தது. கலாமணி அவன் முகத்தையே பார்த்தபடி நின்றாள். கேட்பவர் சாகப்போகிறவரே என்றால் மறுக்க நான் யார் என்று தோன்றியது. தையல்காரர் கேட்கவில்லை. இவர் கேட்கிறார். இந்த வித்தியாசம் போதுமா, போதாதா என்று யோசிக்க நேரமில்லை.

தாளை எடுத்தான். இரண்டடி, மூன்றடி என்று கத்தரித்தான். அவசரத்தில் ஓரம் கோணலாகப் போனது. மீதி மூன்று ஓட்டைகளையும் போட்டு, சுவரில் தாளை ஒட்டி, மேலே பிராக்கெட்டை வைத்து முதல் ஸ்குருவைத் திருகும்போது வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது.

மிருதுளா உள்ளே வந்தாள். இருபத்தெட்டு வயது. கழுத்தில் அலுவலக அடையாள அட்டை. அம்மாவைப் பார்க்கவில்லை, நேரே சுவரைப் பார்த்தாள். பிராக்கெட்டுக்கு வெளியே வெள்ளித்தாள் பளபளத்தது.

“தாளை எடுத்துருங்கண்ணா.”

கலாமணி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். “உனக்கு என்ன தெரியும்னு பேசற? இது என்ன மிஷின்னு தெரியுமா?”

“தெரிஞ்சுதாம்மா வாங்குனேன். அந்த மாடலைத் தேடி வாங்குனேன். குறி போட்டதும் நாந்தான்.”

கலாமணி அவள் கையை உதறினாள்.

பிறகு பேச்சு வெடித்தது. மூன்று மாதமாக அப்பாவிடம் கெஞ்சியதைச் சொன்னாள் மிருதுளா. ஆஸ்பத்திரி என்ற வார்த்தையை எடுத்தாலே அவர் தட்டைத் தள்ளிவிட்டார். வேலையை ராஜினாமா செய்கிறேன் என்று எழுதிக்கொண்டு வந்து காட்டியதற்கு இரண்டு நாள் பட்டினி கிடந்தார். நீ சொன்னால் நான் தூக்கில் தொங்குவேன் என்று அம்மா ஒரு பக்கம். பெற்ற அப்பனைக் காட்டிக்கொடுக்கிறாயே என்று கலாமணி இப்போதும் கத்தினாள், கத்தலைத் தணித்து, பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல். ஐந்து வருஷத்தில் அந்த வீட்டில் எல்லோருக்கும் தணிந்த குரலில் சண்டை போடப் பழகியிருந்தது.

“காட்டிக்குடுக்க எனக்கு வாய் வரலை, அதான் மிஷின் வாங்குனேன்,” என்றாள் மிருதுளா. “அது சொல்லட்டும். அதும்மேல நீங்க கோவிச்சுக்கங்க. தெனமும் ஆபீஸ்ல என் நாக்காலில உக்காரும்போது அப்பா மடியில ஏறி மிதிக்கற மாதிரி இருக்குதும்மா.”

அவள் பிராக்கெட்டின் அடியில் விரலை நுழைத்துத் தாளைக் கிழித்தாள். அபுதாஹிர் தடுக்கவில்லை. ஸ்குருவைத் தளர்த்தி, மீதித் தாளும் வருவதற்கு வழிவிட்டான். அதற்குமேல் தான் என்ன செய்கிறான் என்று அவன் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. நான்கு ஸ்குருவும் இறங்கின. பேனலை ஒரு பக்கம் அவன், மறுபக்கம் மிருதுளா. தூக்கிக் கொக்கியில் மாட்டினார்கள். ரசமட்டத்தில் குமிழி நடுவில் நின்றது.

பதினொன்று இருபத்தொன்பது.

திரை விழித்தது. முதலில் ஒரு மணியோசை, பிறகு வெள்ளை எழுத்துகள், ஒவ்வொரு வரியாக.

‘வணக்கம், கலாமணி.’

‘வணக்கம், மிருதுளா.’

‘வணக்கம், அபுதாஹிர். விருந்தினர்.’

நாலாவது வரிக்குத் திரை நேரம் எடுத்துக்கொண்டது. கலாமணி கண்ணை மூடிக்கொண்டாள். மிருதுளா மூடவில்லை.

‘சுவருக்குப் பின்னால் ஒரு துடிப்பு. பதிவேட்டில் ஒப்பிடப்படுகிறது. ஒத்துப்போனவர்: வெள்ளியங்கிரி.’

அடுத்த வரி:

‘இவர் காலமானவர். பதிவுப் பிழையாகக் கருதி இத்துடிப்பு நீக்கப்பட்டது. வீட்டில் இருப்போர்: மூவர். சிரமத்துக்கு வருந்துகிறோம்.’

அவ்வளவுதான். திரை ஒரு அருவியைக் காட்ட ஆரம்பித்தது.

“என்னங்கண்ணா இது?” மிருதுளா அவன் பக்கம் திரும்பினாள். “ஆம்புலன்ஸ்? அப்பாவுக்கு விட்டுவிட்டுத்தான அடிக்குது? அது தடுமாற்றந்தான?”

அபுதாஹிர் கைக்கருவியில் காலையில் தள்ளிவிட்ட அப்டேட்டைத் தேடி எடுத்தான். பதினோராவது திருத்தத்தைப் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டான். சில வீடுகளில் மகனின் துடிப்பு செத்துப்போன அப்பாவின் துடிப்பை அச்சாக ஒத்திருந்ததாம். டி.வி. போட்டதும் அப்பா பேர் சொல்லி வணக்கம் வைத்திருக்கிறது. வீட்டில் அழுகை, கம்பெனி மேல் புகார். அதனால் செத்தவர்கள் யாராவது பிடிபட்டால் சத்தமில்லாமல் கழித்துவிடச் சொல்லியிருக்கிறார்கள். எண்ணிக்கையிலிருந்து கழித்தபிறகு அந்த ஆளுக்கு ஆம்புலன்ஸும் கிடையாது.

“அப்ப தாளே தேவைப்பட்டிருக்காது,” என்றான்.

கலாமணி அப்படியே தரையில் உட்கார்ந்து, மருதமலை இருக்கும் திசை பார்த்துக் கும்பிட்டாள். பேனலை மாட்டியதில் முதல் ஓட்டை மூடியிருந்தது. ஆனாலும் சுவருக்குள்ளிருந்து குரல் கேட்டது, மங்கலாக.

“என்னவாம் கலா?”

“ஒண்ணுமில்லீங்க. உங்களைத் தெரியலைங்களாம். தப்பிச்சோம்.”

உள்ளே ஒரு சிரிப்பு தொடங்கி இருமலாக முடிந்தது.

மிருதுளா திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அருவி கொட்டிக்கொண்டிருந்தது. இப்போது யாரும் கண்டுபிடிக்கப்போவதில்லை. வேலை இருக்கும், வீடு இருக்கும். அவள் செய்யவேண்டியது ஒன்றுமே இல்லை. சோபாவில் உட்கார்ந்து படம் பார்த்தால் போதும்.

அபுதாஹிரின் கையிலிருந்த கருவிக்கு அந்த அப்டேட்டின் நாகரிகமெல்லாம் கிடையாது. அது பாட்டுக்கு எண்ணிக்கொண்டிருந்தது. முப்பத்தெட்டு. முப்பத்தைந்து. கோடு படுத்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு வினாடி. பிறகு ஒரே ஒரு மேடு.

அவன் அதை மிருதுளாவின் கண்முன்னால் நீட்டினான்.

அவள் செருப்பை உதறிவிட்டு உள்ளறைக்கு ஓடினாள். பீரோவின் பக்கவாட்டில் தோளைக் கொடுத்துத் தள்ளினாள். அது நகரவில்லை. கலாமணி பின்னாலேயே ஓடிவந்து எதிர்ப்பக்கத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். வேண்டாம் கண்ணு, வேண்டாம் கண்ணு என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். உள்ளே ஏதோ கனமானது சரிந்து விழுந்தது. எவர்சில்வர் டம்ளர் ஒன்று தரையில் உருண்டு, உருண்டு, நின்றது.

“ஏங்க,” என்று கூப்பிட்டாள் கலாமணி.

பதில் இல்லை.

“ஏங்க.”

ஐந்து வருஷத்தில் முதல் முறையாக அவள் குரல் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். கட்டிப்பிடித்த கையை விட்டாள். மகளின் பக்கம் வந்து தோளை வைத்தாள். இப்போது அவளும் தள்ளினாள். பீரோ நகர்ந்தது.

அபுதாஹிர் அவரைத் தூக்கினான். உயரமான மனிதர். பேனலைவிடக் கொஞ்சம்தான் கனமாக இருப்பதுபோல இருந்தது, கால்கள் மட்டும் தண்ணீர் கோத்து மினுமினுத்தன. வெளிச்சம் பட்டதும் கண்ணைத் திறந்தார். ஹாலைக் கடக்கும்போது சோபாவில் மாலையோடு இருந்த தன்னைப் பார்த்தார். கருவியில் மறுபடி மேடுகள் வர ஆரம்பித்திருந்தன, அவசரமில்லாமல்.

வேனில் அட்டைப்பெட்டியை விரித்து அதன்மேல் படுக்க வைத்தார்கள். கலாமணி அவர் தலையை மடியில் வாங்கிக்கொண்டாள். மிருதுளா என்ன நினைத்தாளோ, திரும்ப ஓடிப்போய் அந்தப் போட்டோவை எடுத்துவந்தாள். மாலையைக் கழற்றி வாசலிலேயே போட்டாள்.

“அது எதுக்குங்க?” என்றான் அபுதாஹிர் வண்டியைக் கிளப்பியபடி.

“அவரு யாருன்னு காட்ட வேற என்ன இருக்குதுங்கண்ணா எங்ககிட்ட?”

வீடு திறந்து கிடந்தது. ஹாலில் அருவி மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு நிமிஷம் காத்துப் பார்த்துவிட்டு, வீட்டில் யாரும் இல்லை என்று எழுதிக்காட்டித் திரை தானாக அணைந்தது.

ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் ஒரு நர்ஸ் துடிப்பு பார்க்கும் வில்லையை வெள்ளியங்கிரியின் நெஞ்சில் வைத்தாள். சுவரிலிருந்த திரை சிவப்பானது. வில்லையை எடுத்துத் துடைத்து மறுபடி வைத்தாள். மறுபடி சிவப்பு.

“இவரு இறந்துட்டாருன்னு காட்டுதுங்க.”

“தப்பாக் காட்டுது,” என்றாள் மிருதுளா. போட்டோவை மேஜைமேல் வைத்தாள். “இவரு பேரு வெள்ளியங்கிரி. எங்கப்பா.”

நர்ஸ் போட்டோவைப் பார்த்தாள், அதில் அச்சடித்திருந்த மறைவுத் தேதியைப் பார்த்தாள், படுக்கையில் கிடந்தவரைப் பார்த்தாள். பிறகு திரையை ஒரு கையால் ஒதுக்கிவிட்டு அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். கண் கடிகாரத்தில் நின்றது. உதடு அசைந்து எண்ணியது.

“இருக்காரு,” என்றாள். உள்ளே பார்த்து டாக்டரைக் கூப்பிட்டாள். பேனாவை எடுத்துக்கொண்டு திரும்பினாள். “கூட வந்தவங்க பேரு, வேலை சொல்லுங்க.”

கலாமணி மகளின் முந்தானையைப் பிடித்தாள். அபுதாஹிர் கதவோரம் நின்று கையிலிருந்த வெள்ளித்தாள் துண்டைச் சுருட்டிச் சுருட்டி உருண்டையாக்கிக்கொண்டிருந்தான்.

மிருதுளா கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி, போட்டோவின் பக்கத்தில் வைத்தாள்.

“எழுதிக்கங்க,” என்றாள். “மிருதுளா. இவரு செத்துட்டாருன்னு சொல்லி வேலை வாங்குன பொண்ணு.”